தரமற்ற தானியம் உணவுக்குள் புகாமல் தடுப்பது: அரசு செய்ய வேண்டியவை, படிப்படியாக

1971-இன் இறுதியில் ஈராக்கில் கோதுமையும் பார்லியும் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. விதைப்பதற்காக வாங்கியவை. பூஞ்சை தாக்காமலிருக்க மெத்தில் பாதரசம் கலந்த மருந்து பூசி, உண்ணக்கூடாது என்று தெரிய இளஞ்சிவப்புச் சாயமும் ஏற்றியிருந்தார்கள். மூட்டைகளில் எச்சரிக்கை இருந்தது, ஆனால் அந்த ஊர் விவசாயிக்குத் தெரியாத மொழியில். பல இடங்களில் விதைப்பு முடிந்த பிறகுதான் விதை வந்தது. சாயத்தைக் கழுவினால் விஷமும் போய்விடும் என்று நம்பி, அரைத்து ரொட்டி சுட்டார்கள். சிலர் எச்சரிக்கையாக முதலில் கோழிக்குப் போட்டும் பார்த்தார்கள். கோழிக்கு உடனே ஒன்றும் ஆகவில்லை; பாதரசம் வேலையைக் காட்ட வாரக்கணக்கில் ஆகும். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் 6,530 பேர். அங்கே இறந்தவர்கள் மட்டும் 459 பேர்.

அந்தத் தானியம் உணவுக்கு ஆகாது என்பது இறக்குமதி செய்தவர்களுக்கும் தெரியும், அனுப்பியவர்களுக்கும் தெரியும். எந்தப் பரிசோதனையும் அங்கே தோற்கவில்லை. உணவுக்கு ஆகாத மூட்டை கடைசியில் எங்கே போகிறது என்று பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். தானியத் தரக் கட்டுப்பாட்டில் அரசுகள் கருவி வாங்குவதிலும் ஆய்வகம் கட்டுவதிலும் காட்டும் அக்கறையில் பாதியைக்கூடக் கழித்த சரக்கின் மீது காட்டுவதில்லை. கீழே உள்ள படிகளில் மாதிரி எடுப்பதற்கும் கழித்த சரக்கை அப்புறப்படுத்துவதற்கும் அதிக இடம் கொடுத்திருப்பது அதனால்தான்.

முதல் படி: எது தரமற்றது என்று எழுதி வைப்பது

"தரமற்றது" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு குறைகள் ஒளிந்திருக்கின்றன. சட்டத்திலும் படிவத்திலும் இவற்றைப் பிரித்தே எழுத வேண்டும்.

ஒன்று, உயிருக்கு ஆபத்தானது: பூஞ்சை நச்சு, பூச்சிமருந்து எச்சம், காட்மியம், ஆர்செனிக், மருந்து பூசிய விதை, நச்சுக் களைவிதை. இதில் சலுகைக்கு இடமே இல்லை. இரண்டு, இன்று உண்ணலாம், ஆனால் கிடங்கில் நிற்காது: ஈரம் கூடியது, வண்டு விழுந்தது. மூன்று, உண்ணலாம், வைக்கலாம், ஆனால் கொடுத்த விலைக்கு ஏற்றதில்லை: நொறுங்கல், சுருங்கிய மணி, கல், மண், பதர்.

மூன்றையும் ஒரே பட்டியலில் போட்டு ஒரே அதிகாரியின் கையில் கொடுத்தால் என்ன நடக்கும்? வறட்சியோ வெள்ளமோ வந்த ஆண்டில் விவசாயிகளுக்காக அளவுகளைத் தளர்த்தச் சொல்லி அழுத்தம் வரும். நொறுங்கலுக்கும் நிறமாற்றத்துக்கும் தளர்வு தருவதில் தவறில்லை. அது விலைச் சமாச்சாரம். ஆனால் ஒரே ஆணையில் ஈரமும் பூசணமும் சேர்ந்து தளர்ந்துவிடும். ஆகவே முதல் வகைக்கான அளவை உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வைத்து, கொள்முதல் துறைக்கு அதைத் தொடும் அதிகாரமே இல்லாமல் செய்ய வேண்டும்.

அளவுகளைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஐ.நா.வின் உணவு அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து வகுத்த சர்வதேச உணவுத் தரங்களான கோடெக்ஸ் தரங்கள் தொடக்கத்துக்குப் போதும். ஈரப்பத உச்சவரம்பு கோதுமைக்கு 14.5 சதவீதம், அரிசிக்கு 15, மக்காச்சோளத்துக்கு 15.5. கோதுமையில் கல், மண் போன்ற கனிமக் கலப்பு 0.5 சதவீதம், எலிப்புழுக்கை, செத்த பூச்சி முதலிய அசுத்தம் 0.1 சதவீதம், எர்காட் பூஞ்சை உருண்டை 0.05 சதவீதம். தீட்டிய அரிசியில் காட்மியம் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம், கனிம ஆர்செனிக் 0.2 மில்லிகிராம். பதப்படுத்தாத கோதுமை, பார்லியில் ஆக்ராடாக்சின்-ஏ என்ற பூஞ்சை நச்சு கிலோவுக்கு 5 மைக்ரோகிராம். அஃப்ளாடாக்சின் என்ற இன்னொரு பூஞ்சை நச்சுக்கு நாடுகளின் கணக்கு வேறுபடுகிறது: இந்தியாவில் 15 மைக்ரோகிராம், அமெரிக்காவில் 20, ஐரோப்பிய ஒன்றியத்தில் நேரடி உணவுக்கான பெரும்பாலான தானியங்களுக்கு 4. ஒரே தானியத்தை நாள் முழுக்க உண்ணும் மக்களுக்கு, எப்போதாவது உண்பவர்களுக்கான அளவு பொருந்தாது. எண்ணை எடுத்தாளும் முன் தன் மக்கள் ஒரு நாளைக்கு அதில் எத்தனை கிராம் உண்கிறார்கள் என்று அரசு கணக்குப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: ஈர உச்சவரம்பு வணிகத்துக்கானது. வெப்ப நாட்டில் ஓர் ஆண்டுக்கு மேல் இருப்பு வைப்பதானால் 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருப்பதே பத்திரம். கோடெக்ஸ் எல்லையில் வாங்கி நேராக நீண்டகால இருப்பில் அடுக்கிவிட்டு, ஆறு மாதம் கழித்து ஏன் கட்டி தட்டியது என்று கேட்பதில் பயனில்லை.

இரண்டாம் படி: ஆய்வாளருக்குச் சம்பளம் யார் தருவது

அமெரிக்காவில் தானியத் தரச் சட்டம் 1916-இலேயே வந்துவிட்டது. தரம் நிர்ணயிப்பது மத்திய அரசு, உரிமம் தருவதும் அதுவே. ஆனால் ஆய்வாளர்கள் பலர் வேலை பார்த்தது வணிகச் சங்கங்களிடமும் தனியார் முகமைகளிடமும். கட்டணம் கட்டியது யாருடைய தானியம் ஆய்வுக்கு வந்ததோ அவர்களே. 1970-களின் நடுவில் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகப் பகுதியில் லஞ்சம், பொய்த் தரச்சான்று, எடை மோசடி எல்லாம் வெளியே வந்தன. 1976-இல் சட்டத்தைத் திருத்தி, ஃபெடரல் தானிய ஆய்வுச் சேவை என்ற தனி அமைப்பை உருவாக்கினார்கள். தரமும் சட்டமும் அறுபது ஆண்டுகளாக இருந்தும், சம்பளம் வந்த வழி அவற்றைக் கவிழ்த்தது.

எனவே கட்டணம் வசூலிக்கலாம், ஆனால் அது பொதுக் கருவூலத்துக்குப் போக வேண்டும். ஆய்வாளரின் சம்பளம் அவர் தேற்றிவிடும் டன் கணக்கோடு ஒட்டவே கூடாது. கொள்முதல் இலக்கு உள்ள துறையின் கீழ் தர ஆய்வாளர் இருக்கக்கூடாது. வாங்கியாக வேண்டும் என்ற மேலதிகாரியே தரத்துக்கும் மேலதிகாரி என்றால் முடிவு முன்பே தெரிந்ததுதான். ஒரே இடத்தில் ஒருவரை ஒரு பருவத்துக்கு மேல் விடாதீர்கள். ஆய்வாளர் தேற்றிய சரக்கிலிருந்து மாதம்தோறும் சில லாட்டுகளை (ஒன்றாக எண்ணிட்டு வைத்த சரக்குத் தொகுதிகளை), அவருக்குச் சொல்லாமல், வேறு ஊர் ஆய்வகம் மறுபடி பார்க்க வேண்டும். இந்த மறு ஆய்வில் தேடவேண்டியது தனிப்பட்ட வித்தியாசங்களை அல்ல, ஒரு பக்கச் சாய்வை. நேர்மையான ஆய்வாளரின் முடிவுகள் சில சமயம் கூடும், சில சமயம் குறையும். எப்போதும் எல்லைக்கு ஒரு புள்ளி கீழேயே நின்றால் விசாரிக்க வேண்டும், 14.4, 14.3, 14.4 என்று ஒரு மாதம் முழுக்க எழுதியிருக்கும் பதிவேட்டுக்கு வேறு சாட்சியம் தேவையில்லை.

மூன்றாம் படி: வாங்கும் இடத்தில் ஈரம்

எடைக்குப் பணம் தரும் எந்த முறையிலும், காயவைப்பவர் நட்டப்படுகிறார். 20 சதவீத ஈரமுள்ள 100 கிலோ தானியத்தில் உலர்பொருள் 80 கிலோ. அதை 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் எடை 80-ஐ 0.86-ஆல் வகுத்த 93 கிலோ. விவசாயி வெயிலில் கிளறிக் கொடுத்த உழைப்புக்குக் கூலியாக 7 கிலோவின் பணத்தை இழக்கிறார். அவர் ஈரமாகவே கொண்டுவருவதில் வியப்பு என்ன?

விலைச் சூத்திரம் இதைச் சரிக்கட்ட வேண்டும்: ஏற்கும் எடை = கொண்டுவந்த எடை × (100 − இருக்கும் ஈரம்) ÷ (100 − தர ஈரம்). இதற்கு மேல் உலர்த்தும் செலவையும் கழிக்க வேண்டும். இப்படிச் செய்தால் காயவைத்தவருக்கும் வைக்காதவருக்கும் கணக்கு நேராகும். எல்லைக்கு மேல் 0.1 இருந்தாலும் திருப்பி அனுப்பு என்ற ஒற்றைக் கோட்டு முறை மோசமானது. அந்தக் கோட்டின் மேல்தான் லஞ்சம் உட்காருகிறது.

உலர்த்தும் வசதி இல்லாமல் ஈரத்துக்காகத் திருப்பி அனுப்புவது பாதுகாப்பு ஆகாது. 20 சதவீதத்துக்கு மேல் ஈரமும் 30 டிகிரி வெப்பமும் இருந்தால் குவியல் சில நாட்களிலேயே சூடேறிப் பூசணம் பிடிக்கும். திருப்பி அனுப்பிய தானியம் வழியிலும் வரிசையிலும் கெட்டு, கடைசியில் கேள்வி கேட்காமல் வாங்கும் வியாபாரியிடமோ விவசாயியின் சொந்த அடுப்புக்கோ போகும். அறுவடைக் காலத்தில் மழை பெய்யும் பகுதியில் கொள்முதல் நிலையம் திறக்கிறவர்கள் முதலில் உலர்த்தியையும் தளத்தையும் தார்ப்பாயையும் தயார் செய்துவிட்டே வாங்கத் தொடங்க வேண்டும்.

ஈரமானி பற்றி மூன்று எச்சரிக்கைகள். உலர்த்தியிலிருந்து சூடாக வந்த தானியத்தையும் மழையில் நனைந்து மேல்தோல் மட்டும் ஈரமான தானியத்தையும் மின்சார ஈரமானி தப்பாகக் காட்டும். மூடிய டப்பாவில் அறை வெப்பநிலைக்கு வரவிட்டுப் பாருங்கள். ஒரு தானியத்துக்கான அளவீட்டில் இன்னொரு தானியத்தைப் பார்க்கக்கூடாது. வகை மாறினாலே சில சமயம் திருத்தம் தேவைப்படும். பருவம் தொடங்கும் முன்பும் நடுவிலும் அடுப்பு முறையோடு ஒப்பிட வேண்டும்: அரைத்த கோதுமையை 130 டிகிரி செல்சியசில் 2 மணி நேரம் வைத்து எடையிழப்பைப் பார்ப்பது. ஒப்பிட்ட தேதியை ஈரமானியின் மீதே ஒட்டி, விற்க வந்தவர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும்.

நான்காம் படி: மாதிரி எடுப்பது

தரக் கட்டுப்பாட்டில் நேரும் தவறுகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. ஆய்வகம் எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் அது அளப்பது தன் மேசைக்கு வந்த பொட்டலத்தை மட்டுமே.

பூஞ்சை நச்சு சரக்கு முழுக்கச் சமமாகப் பரவியிருப்பதில்லை. ஆயிரக்கணக்கான மணிகளில் ஒன்றில் குவிந்திருக்கும். 0.3 கிராம் எடையுள்ள ஒரே ஒரு மக்காச்சோள மணியில் கிலோவுக்கு 4,00,000 மைக்ரோகிராம் என்ற அளவில் அஃப்ளாடாக்சின் ஏறியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தனி மணிகளில் இந்த அளவு ஏறுவது நடப்பதே. அந்த மணிக்குள் இருப்பது 120 மைக்ரோகிராம். அது 5 கிலோ மாதிரிக்குள் விழுந்தால், மற்ற மணிகள் எல்லாம் சுத்தமாக இருந்தாலும், சராசரி கிலோவுக்கு 24. அமெரிக்காவின் உச்சவரம்பான 20-ஐத் தாண்டிவிட்டது. விழாவிட்டால் பூச்சியம். ஒரே குவியலிலிருந்து இரண்டு பேர் ஆளுக்கொரு பிடி அள்ளி, ஒருவர் பத்திரம் என்றும் ஒருவர் விஷம் என்றும் சொல்வது இதனால்தான்; இருவருமே பொய் சொல்லவில்லை.

ஆகவே நிறைய இடங்களிலிருந்து, சிறிது சிறிதாக, மொத்தத்தில் பெரிய மாதிரி. பூஞ்சை நச்சுக்கு ஐரோப்பிய விதிமுறை பின்பற்றிய அளவு நல்ல அளவுகோல்: 20 டன்னுக்கு மேற்பட்ட லாட்டில் 100 இடங்களிலிருந்து தலா 100 கிராம், மொத்தம் 10 கிலோ. 3 டன்னுக்கு மேல் 10 டன் வரை என்றால் 40 இடங்கள். பெரிய சரக்கை முதலில் சிறு உட்பிரிவுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனி லாட்டாகப் பார்க்க வேண்டும். கல், நொறுங்கல், பூச்சி போன்ற கண்ணால் காணும் குறைகளுக்கு இவ்வளவு வேண்டாம். மூட்டைகளுக்குப் பழைய விதியே போதும்: 10 மூட்டைக்குள் என்றால் எல்லாவற்றிலும், 100 வரை என்றால் பத்தில், அதற்கு மேல் என்றால் மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலம். 900 மூட்டை என்றால் 30.

குத்தூசி (மூட்டைக்குள் செருகித் தானியம் எடுக்கும், பள்ளமுள்ள கூரிய கருவி) பிடிக்கும் விதம்: மூட்டையின் கீழ்மூலையிலிருந்து மேல்நோக்கிச் சாய்வாக, வாய்ப்பள்ளம் கீழே பார்க்கும்படி செருக வேண்டும். முனை மூட்டையின் நடுவைத் தாண்டிய பிறகு அரைச்சுற்றுத் திருப்பி, பள்ளம் நிரம்பியதும் இழுக்க வேண்டும். பள்ளத்தை மேலே பார்த்தபடியே செருகினால் நுழையும் வழியில் ஓரத்துத் தானியமே நிரம்பிவிடும். நடுமூட்டையில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே போகும். குட்டையான குத்தூசி வைத்திருப்பவரிடமும் இதே கதைதான். லாரியில் கொட்டிய சரக்குக்கு அறை அறையாகப் பிரித்த இரட்டைக் குழாய்க் குத்தூசி வேண்டும்: மூடியபடி அடி வரை செருகி, பிறகு திறந்து, இரண்டு முறை லேசாக ஏற்றி இறக்கி, மூடி எடுப்பது. எடுத்ததை நீளமான துணியில் கொட்டிப் பார்த்தால் மேலடுக்கு ஒரு தரம், கீழடுக்கு வேறு தரம் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

எங்கே ஏமாறுகிறார்கள்? அடுக்கிய அட்டியில் வெளிவரிசை மூட்டைகளை மட்டும் குத்துவது முதல் இடம். கெட்ட மூட்டை வெளியே அடுக்கப்படுவதில்லை. மாதிரியை ஏற்றும்போதோ இறக்கும்போதோ எடுத்தால் எல்லா மூட்டையும் ஒருமுறை கைக்கு எட்டும். உயரத்திலிருந்து கொட்டிய குவியலில் தூளும் மண்ணும் கொட்டும் குழாய்க்கு நேர்கீழே தங்கும், முழுமணி உருண்டு ஓரத்துக்கு ஓடும். ஓரத்தில் மட்டும் எடுத்த மாதிரி எப்போதும் அழகாக இருக்கும்.

சேர்த்த மாதிரியைக் கலந்து, பிரிப்பான் கருவி வழியாகவோ, பரப்பி நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை மட்டும் எடுத்தோ குறைக்க வேண்டும். கையால் ஒரு பிடி அள்ளுவது குறைப்பு ஆகாது. மூன்று பங்கு: ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று சரக்குக்காரருக்கு, ஒன்று தகராறு வந்தால் திறக்க. ஈரம் பார்க்க வேண்டிய பங்கு காற்றுப்புகாத டப்பாவில். துணிப்பையில் போனால் வழியிலேயே காய்ந்துவிடும். பூஞ்சை பார்க்க வேண்டிய ஈரத் தானியத்தைப் பிளாஸ்டிக்கில் கட்டி வெயிலில் வைத்தால் எதிர்மாறாக, இல்லாத நச்சு வழியிலேயே வளரும். அதைக் குளிரில் அனுப்ப வேண்டும், அல்லது உடனே உலர்த்தி அனுப்ப வேண்டும். மூன்று பங்கிலும் இரு தரப்பும் கையெழுத்திட்டு முத்திரை வைக்க வேண்டும். ஆய்வகத்துக்குப் போகும் பொட்டலத்தில் சரக்குக்காரர் பெயர் இருக்கக்கூடாது, எண் மட்டும்.

ஐந்தாம் படி: மேசையில் பார்ப்பதும் ஆய்வகத்தில் பார்ப்பதும்

மேசையில் முதல் வேலை உயிருள்ள பூச்சி. சல்லடையில் சலித்துத் தட்டில் விழுந்ததை எண்ணுங்கள். குளிர்ந்த தானியத்தில் வண்டு அசையாமல் செத்ததுபோல் கிடக்கும்; சிறிது நேரம் வெதுவெதுப்பில் வைத்த பிறகே எண்ண வேண்டும். அப்படியும், மணிக்குள் முட்டையிடும் வண்டின் புழு சலித்தால் விழாது. தட்டில் ஒன்றும் இல்லை என்பதற்காகச் சரக்கில் ஒன்றும் இல்லை என்று எழுதிவிடாமல், சந்தேகம் இருந்தால் மாதிரியைச் சில வாரம் சூடான இடத்தில் மூடி வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து ஈரம். பிறகு எடை போட்டு, கலப்பு, நொறுங்கல், சேதமான மணி, பூசண மணி, முளைத்த மணி எனக் கையால் பிரித்து, ஒவ்வொன்றையும் எடை போட்டு சதவீதம் கணக்கிடுவது. ஒரே மணி இரண்டு குறையோடு இருந்தால் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதை முன்கூட்டி எழுதி வைக்காவிட்டால் இரண்டு நிலையங்களில் இரண்டு விடை வரும். முகர்ந்து பார்ப்பது பழைய பழக்கம், பூசண வாசனை உண்மையிலேயே காட்டிக்கொடுக்கும். ஆனால் மூக்கைத் தானியத்துக்குள் விட்டு இழுப்பதைத் தடை செய்யுங்கள். பூஞ்சைத் தூளும், வண்டைக் கொல்லப் போட்டு எஞ்சிய பாஸ்பீன் நச்சு வாயுவும் நுரையீரலுக்குள் போகும்.

நச்சைக் கண்ணால் பார்க்க முடியாது. பூசணம் தெரியும் தானியத்தில் நச்சு இல்லாமல் இருக்கலாம். பளிச்சென்ற தானியத்தில் இருக்கலாம். புறஊதா விளக்கில் பச்சை-மஞ்சளாக ஒளிரும் மக்காச்சோளம் மேற்கொண்டு சோதிக்கத் தக்கது என்று மட்டுமே பொருள். ஒளிராததைத் தேற்றிவிட அது ஆதாரமில்லை. துரிதச் சோதனைப் பட்டைகள் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றவை, இரண்டு நிபந்தனைகளோடு. மாதிரி முழுவதையும் அரைத்துவிட்டு அதிலிருந்து 50 கிராம் எடுக்க வேண்டும். 50 கிராம் எடுத்துவிட்டு அதை அரைப்பது மேலே சொன்ன ஒற்றை மணிக் கணக்கைப் பாழாக்கும். அரைத்தது பெரும்பகுதி 0.85 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும். அடுத்து, அந்தப் பட்டை அந்தத் தானியத்துக்கென்று சரிபார்க்கப்பட்டதாக இருக்க வேண்டும். மக்காச்சோளத்துக்கு வாங்கியதை அரிசிக்குப் பயன்படுத்தக்கூடாது. ஆலைக் கல்லைச் சரக்குக்குச் சரக்கு துடைக்காவிட்டால், முந்தைய சரக்கின் நச்சு அடுத்தவர் கணக்கில் ஏறும்.

முடிவுக்குக் காலக்கெடு வையுங்கள்: மேசைச் சோதனை அன்றைக்கே, நச்சுச் சோதனை சில நாட்களுக்குள். முடிவு வராத சரக்கு நிற்க மூடிய, தனிப் பூட்டுள்ள இடம் வேண்டும். அந்த இடம் இல்லாததால் மட்டுமே, முடிவு வருவதற்குள் அரவைக்குப் போய்விட்ட சரக்கு எல்லா நாட்டிலும் உண்டு.

ஆறாம் படி: கிடங்கு

நல்ல தானியம் அரசின் கையில் கெட்டால் அதற்குக் குற்றம் சாட்ட வெளியாள் கிடையாது. தரையிலிருந்து மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஆள் நடக்கும் இடைவெளி விட்டு அட்டி போட வேண்டும்; சுவரை ஒட்டிய அட்டியைச் சுற்றிப் பார்க்கவும் முடியாது, புகைமூட்டம் (உறையால் மூடி, வண்டைக் கொல்லும் வாயு விடுவது) போடவும் முடியாது. பகலில் சூடேறிய தானியத்தின் ஈரம் இரவில் குளிர்ந்த கூரையின் கீழ் வியர்த்து மேல்வரிசையில் சொட்டும். பல கிடங்குகளில் மேல் மூட்டை மட்டும் கெடுவதற்குக் கூரை ஓட்டையைத் தேடிக்கொண்டிருப்பார்கள், காரணம் காற்றோட்டம். ஈரக் காற்றுள்ள நாளில் கதவைத் திறந்து வைப்பதும் தவறு: வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிட உலர்ந்திருக்கும்போது மட்டும் திறக்க வேண்டும்.

புகைமூட்டம் போடுவதில் பொதுவான பிழை, அளவைக் கூட்டி நாளைக் குறைப்பது. 3 கிராம் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை 1 கிராம் பாஸ்பீன் வாயு தரும். டன்னுக்கு 2 முதல் 3 மாத்திரை, கிழியாத கனத்த உறையின் கீழ், ஓரமெல்லாம் மணல்பாம்பு (மணல் நிரப்பிய நீளப்பை) வைத்து அழுத்தி, வெப்பமான இடத்தில் குறைந்தது 5 முதல் 7 நாள். குளிர் கூடக் கூட நாளும் கூடும். உறையில் ஓட்டை இருந்தால் வயதுவந்த வண்டு சாகும், முட்டையும் கூட்டுப்புழுவும் பிழைக்கும், பிழைத்ததன் வம்சம் வாயுவைத் தாங்கும். பாஸ்பீன் மனிதரையும் கொல்லும். பயிற்சியும் முகமூடியும் வாயு அளக்கும் கருவியும் இல்லாதவரை இந்த வேலையில் விடக்கூடாது. வண்டு செத்ததால் தானியம் சுத்தமாகிவிடவில்லை என்பதையும் ஆணையில் எழுதுங்கள்: புகைமூட்டம் பூஞ்சை நச்சை ஒன்றும் செய்யாது, சமையல் சூடும் அஃப்ளாடாக்சினை அழிக்காது.

ஏழாம் படி: கழித்த சரக்கு

2008-இல் ஜப்பானில் ஒரு பெரிய ஊழல் வெடித்தது. உலக வணிக ஒப்பந்தத்தின்படி அரசு இறக்குமதி செய்த அரிசியில் பூசணம், அஃப்ளாடாக்சின், பூச்சிமருந்து எச்சம் கண்டுபிடிக்கப்பட்டது. பரிசோதனை தன் வேலையைச் சரியாகச் செய்தது. அரசு அந்த அரிசியைப் பசை போன்ற தொழில் பயன்பாட்டுக்கு என்று மலிவாகத் தனியாருக்கு விற்றது. வாங்கிய நிறுவனம் அதை உணவாக மறுபடி விற்றது. மது ஆலைகள், இனிப்புக் கடைகள், மருத்துவமனைச் சாப்பாடு வரை போனது. வேளாண் அமைச்சர் பதவி விலகினார். 2009-இல் அரிசியின் கொள்முதல், விற்பனைப் பதிவுகளைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது.

உணவு விலைக்கும் கழிவு விலைக்கும் இடையில் இருக்கும் பணம்தான் இந்த மூட்டைகளைத் திரும்ப உள்ளே இழுக்கிறது. எனவே முதலில் மூன்றாகப் பிரியுங்கள். திருத்தக்கூடியது: உலர்த்தி, சலித்து, கல் நீக்கி, மறுபடி முழு மாதிரி எடுத்துப் பார்த்து ஏற்கலாம். திருப்பிவிடக்கூடியது: தீவனம், சாராயம், தொழிற்சாலை. மற்றது: எரிப்பது, புதைப்பது.

தீவனத்துக்குத் திருப்பினால் கதை முடிந்துவிடவில்லை. கறவை மாடு தின்ற அஃப்ளாடாக்சின் எம்-1 என்ற வடிவில் பாலில் வரும். பாலுக்குக் கோடெக்ஸ் எல்லை கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், ஐரோப்பாவில் 0.05. அமெரிக்காவில் கறவை மாட்டுத் தீவனத்துக்கு 20 மைக்ரோகிராம், கொழுக்கவைக்கும் இறைச்சி மாட்டுக்கு 300 என்று பிரித்திருப்பது அதனால்தான். சாராய ஆலைக்கு அனுப்பினால் நச்சு சாராயத்தில் போகாது, எஞ்சும் சக்கையில் ஏறக்குறைய மூன்று மடங்காகக் குவியும்; அந்தச் சக்கை மாட்டுக்குத்தான் போகிறது.

கலந்து சராசரி குறைப்பதைச் சட்டத்திலேயே தடை செய்யுங்கள். நூறு மைக்ரோகிராம் உள்ள 1 டன்னைச் சுத்தமான 9 டன்னோடு கலந்தால் காகிதத்தில் 10 வரும். மேலே பார்த்தபடி நச்சு ஒரே சீராகக் கலக்காது. சாப்பிடுகிறவர்களின் எண்ணிக்கை மட்டும் பத்து மடங்காகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தக் கலப்புக்கு அனுமதி இல்லை.

விற்கும் விதத்துக்கு வருவோம். இடைத்தரகருக்கு விற்காமல், கடைசியில் பயன்படுத்தும் ஆலைக்கே விற்க வேண்டும். அந்த ஆலை மாதம் எவ்வளவு அரைக்க முடியும் என்று முதலில் பாருங்கள். 50 டன் கொள்ளளவுள்ள ஆலை 400 டன் கேட்டால் மீதி எங்கே போகும்? ஏலத்தில் யாராவது உணவு விலைக்கு நெருங்கிக் கேட்டால் மகிழாமல் ஏலத்தை நிறுத்துங்கள். பசை காய்ச்ச அந்த விலை கட்டுப்படியாகாது. கிடங்கை விட்டுப் போகும் முன்பே மணியை உடைத்து, சாயம் கலந்து, மறுபடி தானியமாக விற்க முடியாதபடி செய்ய வேண்டும். சாயம் மட்டும் போதாது என்பதை ஈராக் காட்டிவிட்டது. முத்திரையிட்ட வண்டி, போய்ச் சேர்ந்த எடைச்சீட்டு, அதிலிருந்து வந்த பொருளின் அளவு மூன்றும் ஒத்துப்போன பிறகே வாங்கியவர் கட்டிய வைப்புத்தொகையைத் திருப்பித் தர வேண்டும். ஆலையைப் பார்க்கப் போகிறவர் நாள் சொல்லிவிட்டுப் போகக்கூடாது. அவர்கள் காட்டும் பதிவேட்டை மட்டும் பார்க்காமல், வாங்கியவர்களிடமும் போய்க் கேட்க வேண்டும்.

எட்டாம் படி: சந்தைக்கு வராத தானியம்

2004-இல் கென்யாவின் கிழக்குப் பகுதியில் 317 பேருக்கு அஃப்ளாடாக்சின் நஞ்சு ஏறி 125 பேர் இறந்தார்கள். ஈரமாக அறுத்து வீட்டுக்குள் வைத்த உள்ளூர் மக்காச்சோளம் அதன் மூலம். அதில் ஒரு பகுதி உள்ளூர்ச் சந்தைக்கும் வந்திருந்தது. அப்போது சந்தையில் எடுத்த மாதிரிகளில் 55 சதவீதம் 20 மைக்ரோகிராமுக்கு மேல், 7 சதவீதம் 1,000-க்கும் மேல். அரசுக் கிடங்கின் வாசலில் எவ்வளவு கடுமையாக நின்றாலும் இந்தத் தானியம் அந்த வாசலுக்கே வராது.

இங்கே அரசின் முதல் கண் மருத்துவமனை. ஒரே ஊரில் பலருக்கு ஒரே சமயத்தில் மஞ்சள் காமாலை என்றால், தொற்று என்று முடிவுகட்டும் முன் தானியத்தையும் பார்க்க வேண்டும் என்று மாவட்ட மருத்துவர்களுக்கு நிலையான உத்தரவு இருக்க வேண்டும். 1974-இல் ராஜஸ்தான், குஜராத் எல்லையோர மாவட்டங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தால் நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அதே வீடுகளில் மிச்சம் தின்ற நாய்களும் நோயுற்றன. கால்நடை மருத்துவரின் தகவல் மனித மருத்துவருக்குப் போகும் வழி திறந்திருந்தால் சில நாட்கள் முன்பாகவே தெரியும்.

பறிமுதல் செய்யும் வண்டியும் மாற்றுத் தானியம் ஏற்றிய வண்டியும் ஒன்றாகப் போக வேண்டும். மாற்று இல்லாமல் எடுக்கப் போனால் வீட்டில் உள்ளதை ஒளித்து வைப்பார்கள். பசியில் இருப்பவர் முன்னால் மைக்ரோகிராம் கணக்கு நிற்காது. எடைக்கு எடை, அதே தானியம், அன்றைக்கே.

சந்தைக்குப் போய்விட்ட லாட்டைத் திரும்பப் பெற, லாட் எண் அரவையைத் தாண்டி மாவுப் பை வரை போக வேண்டும். ஆலையில் இரண்டு லாட்டைச் சேர்த்தால் புதிய எண்ணும், எதெது சேர்ந்தது என்ற பதிவும் வேண்டும். ஆண்டுக்கு இருமுறை ஒத்திகை: ஏதோ ஒரு பையை எடுத்து, அதன் கொள்முதல் நிலையத்தையும், அதே லாட்டின் மற்ற பைகள் போன இடங்களையும் எத்தனை மணி நேரத்தில் கண்டுபிடிக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு நாளைத் தாண்டினால் உண்மையான ஆபத்தில் அந்தச் சரக்கு உண்ணப்பட்டிருக்கும்.

காலிச் சாக்குகளையும் கணக்கில் வையுங்கள். கழித்த சரக்கும் மருந்து பூசிய விதையும் வந்த சாக்குகள் மலிவாகக் கைமாறி, நல்ல தானியம் பிடிக்கத் திரும்பி வரும். துணியில் ஊறிய மருந்தும் பூஞ்சையும் வண்டு முட்டையும் கூடவே வரும். கழித்த மூட்டை எத்தனை என்று எழுதும் பத்திக்குப் பக்கத்தில், வெட்டி அழித்த சாக்கு எத்தனை என்று இன்னொரு பத்தி. இரண்டு எண்ணும் ஒத்துப்போகாத மாதத்தில் கிடங்குப் பொறுப்பாளர் பதில் சொல்ல வேண்டும்.